புனிதக் கிண்ணத்தைக் காத்தவர்கள் டெம்ப்ளர்களா? – ஆர்தர் கதையும் சிலுவைப் போரும்

ஜூன் 2, இரவு 9.40

இழையைத் தொடங்கிய தம்பியின் கேள்வியை அப்படியே மேலே வைக்கிறேன்:

"அண்ணா, ஆர்தர் கதையில் வரும் புனிதக் கிண்ணத்தை உண்மையில் வைத்திருந்தவர்கள் டெம்ப்ளர்கள்தான், வட்டமேசை வீரர்கள் என்று கதையில் மறைத்துச் சொன்னது அவர்களைத்தான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். வெள்ளைக் கேடயம், சிவப்புச் சிலுவை எல்லாம் பொருந்துகிறதே. உண்மையா?"

ஜூன் 2, இரவு 11.15

எனக்கும் ரொம்ப நாளாக இது பொருந்துவதாகத்தான் பட்டது. ஏன் பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஜெருசலேமுக்காக ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களோடு நடத்தியவை சிலுவைப் போர்கள். அதில் சண்டையிட்ட துறவி வீரர்கள் டெம்ப்ளர்கள்; உடை வெள்ளை அங்கி, மேலே சிவப்புச் சிலுவை. ஆர்தர் பிரிட்டன் கதைகளில் வரும் அரசர், வட்டமேசை வீரர்கள் அவருடைய ஆட்கள்.

கிண்ணத்தை, அதாவது கிரெயிலை, முதன்முதலில் ஆர்தர் கதைக்குள் கொண்டுவந்தவர் கிரெத்தியான் என்ற பிரெஞ்சுக் கவிஞர். ஊர் ட்ருவா. டெம்ப்ளர்களுக்கு முறையான விதிநூல் வகுத்த சபை 1129-இல் கூடியதும் அதே ட்ருவாவில்தான். டெம்ப்ளர்களின் முதல் தலைவர் ஹியூ பிறந்த பெயான் கிராமம் அதற்குப் பக்கத்தில். அப்புறம், 1225-ஐ ஒட்டி எழுதப்பட்ட கிரெயில் தேடல் கதையில் வட்டமேசை வீரன் கலஹாத் தூக்கிக்கொண்டு போவது வெள்ளைக் கேடயம், நடுவே சிவப்புச் சிலுவை. இதற்கெல்லாம் மேலே, ஜெர்மன் கவிஞர் வோல்ஃப்ராம் தன் 'பார்சிவல்' காவியத்தில் கிரெயிலைக் காப்பவர்களுக்கு 'டெம்ப்ளைசே' என்றே பெயர் வைத்துவிட்டார்.

ஊரும் உடையும் பெயரும் ஒத்துப்போகின்றன. யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை 6.20

ராத்திரி எழுதியதை இப்போது படித்தால் இடிக்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன்.

வோல்ஃப்ராமின் 'டெம்ப்ளைசே' ஆட்களுக்கு அடையாளம் சிவப்புச் சிலுவை கிடையாது, மாடப்புறா. அவர்கள் காக்கும் கிரெயிலும் கிண்ணம் கிடையாது, ஒரு கல். கிரெயில் கோட்டையில் பெண்களும் இருக்கிறார்கள். கிரெயிலைத் தூக்கி வருபவளே ஒரு பெண்தான். டெம்ப்ளர் விதிநூலோ பெற்ற தாயைக்கூட முத்தமிடக் கூடாது என்கிறது. வோல்ஃப்ராம் டெம்ப்ளர்களிடமிருந்து பெயரின் சாயலை மட்டும் எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல முடியும்.

கலஹாத்தின் சிலுவைக்குக் கதையிலேயே வேறு காரணம் உண்டு. இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பின் மகன் சாகும் தறுவாயில், தன் மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தொட்டு அந்தச் சிலுவையை வரைகிறான். அதை எழுதியவர் சிஸ்டர்சியன் துறவிகளின் சிந்தனையில் ஊறியவர். டெம்ப்ளர்களுக்குப் பின்பலமாக நின்ற பெர்னார்டும் சிஸ்டர்சியன்தான். ஆகவே இங்கே ஓர் உறவு உண்டு. ஆனால் அது அண்ணன் தம்பி உறவு. ஒரே ஆள் இரண்டு வேடம் போட்ட கதை இல்லை.

கடைசியாக, என்னை நிறுத்தியது இதுதான்: டெம்ப்ளர்களைப் புகழ்ந்து பெர்னார்ட் எழுதிய நூலிலேயே, அவர்கள் கூத்தாடிகளையும் கதைசொல்லிகளையும் அருவருத்து ஒதுக்குகிறார்கள் என்று வருகிறது. சதுரங்கமும் ஆகாது, பகடையும் ஆகாது, வேட்டையும் ஆகாது. ஆர்தர் கதையிலிருந்து இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

1307 அக்டோபர் 13-இல் பிரான்சில் டெம்ப்ளர்களைக் கூண்டோடு பிடித்தபோது சுமத்திய குற்றங்களில் சிலுவை மீது துப்பியது உண்டு, ஒரு தலையை வழிபட்டது உண்டு. கிரெயில் என்ற பேச்சே இல்லை. அவர்கள் மீது எதைச் சுமத்தலாம் என்று தேடித் தேடிச் சேர்த்த பட்டியல் அது.

ஜூன் 3, மதியம் 1.05

"ஆர்தர் சிலுவைப் போருக்கு 500 ஆண்டு முந்தியவர் இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கதைப்படி ஆமாம். ஆனால் நமக்குத் தெரிந்த ஆர்தர் 1130களில் மான்மத் ஊர் ஜெஃப்ரி லத்தீனில் எழுதியபோது உருவானவர். ஜெருசலேம் சிலுவைப் போர் வீரர்கள் கையில் விழுந்து 40 ஆண்டுகூட ஆகாத காலம் அது. ஜெஃப்ரியின் நூலில் போருக்கு முன் பிஷப் டுப்ரிசியஸ் வீரர்களிடம் பேசுகிறார்: நாட்டுக்காக இறப்பவனுக்கு அந்தச் சாவே பாவமன்னிப்பு என்று. 1095-இல் முதல் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டப் போப் அர்பன் கிளப்பிவிட்ட பேச்சின் வாடை அதில் அடிக்கிறது.

பழைய ஏடு ஒன்றின் ஓரத்தில், ஆர்தர் ஜெருசலேமுக்கே போய்ச் சிலுவை செய்து வந்தார் என்று பின்னால் வந்த ஒருவர் குறிப்பு சேர்த்திருக்கிறார். அதாவது, சிலுவைப் போர்க் காலத்து ஆட்கள் ஆர்தரைத் தங்கள் ஆளாக மாற்றிக்கொண்டார்கள்.

ஜூன் 4, இரவு 10.30

டெம்ப்ளர்களை விட்டுவிடுவோம். தொடர்பு எங்கே இருக்கிறதென்றால், கதைக்குக் காசு கொடுத்தவர்களிடம் இருக்கிறது. புலவரைப் பார்ப்பதற்கு முன் புரவலரைப் பார்க்க வேண்டும்.

கிரெத்தியான் கிரெயில் கதையை யாருக்காக எழுதினார்? ஃபிளாண்டர்ஸ் கோமகன் பிலிப்புக்காக. மூல நூலைத் தந்ததே அவர்தான் என்று முன்னுரையில் சொல்கிறார். பிலிப் 1177-இல் புனித பூமிக்குப் போனவர். மறுபடி மூன்றாம் சிலுவைப் போருக்குப் போய், 1191 ஜூன் 1 அன்று அக்கோ முற்றுகையில் நோயில் இறந்தார். (சிலுவைப் போர் வீரர்கள் ஏக்கர் என்று சொன்ன துறைமுகம்தான் அக்கோ.) அவருடைய அப்பா தியெரி நான்கு முறை போய் வந்தவர்.

அதற்கு முன் கிரெத்தியானை ஆதரித்தவர் ஷாம்பேன் கோமகள் மரி. அவர் கணவர் ஹென்ரி இரண்டாம் சிலுவைப் போருக்குப் போனார், 1179-இல் மறுபடி போனார், வழியில் பிடிபட்டு, மீண்டு, 1181-இல் வீடு வந்த சில நாட்களில் இறந்தார். மகன் இன்னொரு ஹென்ரி. 1192-இல் ஜெருசலேம் அரசின் தலைவரானார், 1197-இல் அக்கோவில் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார்.

கிரெயிலை இயேசுவின் கடைசி விருந்தின் கிண்ணமாக்கியவர் ரோபேர் த போரோன். அவருடைய புரவலர் மோன்பெலியார் கோத்தியே. அவரும் கீழ்த்திசைக்குப் போய், சைப்ரஸில் சிறுவயது மன்னனுக்காக ஆட்சி நடத்தியவர்.

மூன்று கவிஞர்–புரவலர் உறவு, மூன்று வீட்டிலும் சிலுவைப் போர். இதில் ரகசியம் எதுவும் இல்லை. அந்த வீடுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கப்பட்ட கதைகள் இவை.

ஜூன் 5, காலை 7.00

கிண்ணம் கிண்ணம் என்று எழுதிக்கொண்டே போகிறேன், ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. கிரெத்தியான் எழுதியபோது அது கிண்ணமே இல்லை. 'கிரால்' என்றால் மீன் வைத்துப் பரிமாறும் வாயகன்ற, கொஞ்சம் குழிவான பெரிய தட்டு. அதனால்தான் பின்னால் வரும் முனிவர், "அதில் சால்மன் மீன் இருக்கிறதென்று நினைக்காதே" என்கிறார். உள்ளே இருந்தது ஒரே ஒரு அப்பம்.

ஜூன் 5, இரவு 9.50

1187-இல் ஹத்தீன் போரில் தோற்று, இயேசுவை அறைந்தது என்று நம்பிய உண்மைச் சிலுவையையும் ஜெருசலேமையும் முஸ்லிம் சுல்தான் சலாதீனிடம் சிலுவைப் போர்க்காரர்கள் இழந்தார்கள். அந்த இழப்பின் ஏக்கம்தான் கிரெயில் தேடலாக மாறியது என்று நேற்று பதில்களில் ஒருவருக்கு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். பின்னால் வந்தவர்களுக்கு அது பொருந்தும், கிரெத்தியானுக்கு அதை ஆதாரமாக வைக்க முடியாது. பிலிப் உயிரோடு இருக்கும்போது தொடங்கிய கதை, 1180களின் முற்பகுதியிலேயே தொடங்கியிருக்கலாம். நாடு கைவிட்டுப் போவதற்கு முன்பே காயம்பட்ட அரசனும் தரிசாய்க் கிடக்கும் நிலமும் கதைக்குள் வந்துவிட்டன.

அப்படியென்றால் அந்த வலி எங்கிருந்து வந்தது?

ஜூன் 6, இரவு 11.45

இரண்டு நாளாக இதே நினைப்பு. கதையின் தொடக்கத்தை மறுபடி படித்தேன்.

கிரெத்தியான் கதையின் நாயகன் பெர்சிவல். அம்மா அவனைக் காட்டுக்குள் ஒளித்து வளர்க்கிறாள். வீரர்கள் என்ற சொல்லே அவன் காதில் விழக் கூடாது. காரணம், மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் வீரர் பட்டம் பெற்று வீடு திரும்பும் நாளிலேயே கொல்லப்பட்டார்கள். பெரியவனின் கண்களைப் பறவைகள் கொத்திவிட்டன. துக்கத்தில் அப்பாவும் போய்விட்டார். மிச்சம் இவன் ஒருவன். ஒருநாள் காட்டில் கவசம் மின்ன ஐந்து பேர் வருகிறார்கள். இவன் தேவதூதர்கள் என்றே நினைக்கிறான். அப்புறம் யார் தடுத்தும் நிற்கவில்லை, கிளம்பிவிடுகிறான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறான். பாலத்தருகே அம்மா விழுந்து கிடக்கிறாள். பார்த்துவிட்டு, குதிரையைத் தட்டி ஓட்டிக்கொண்டு போகிறான்.

பின்னால் காயம்பட்ட அரசனின் கோட்டையில் ரத்தம் சொட்டும் ஈட்டியும் கிராலும் கண் முன்னே போகும்போது, இது யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரசன் குணமாகியிருப்பான். கேட்க வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குக் கதை சொல்லும் காரணம்: அம்மாவை அப்படி விட்டுவிட்டு வந்த பாவம் நாக்கைக் கட்டிவிட்டது.

இப்போது பிலிப்பின் வீட்டைப் பாருங்கள். அவருடைய அம்மா சிபில்லா, ஜெருசலேம் மன்னராக இருந்த ஃபுல்க்கின் மகள். 1157-இல் கணவரோடு புனித பூமிக்குப் போனவர் திரும்பி வர மறுத்து, பெத்தானியா கன்னிமடத்திலேயே தங்கிவிட்டார். 1165-இல் அங்கேயே இறந்தார். அவர் கிளம்பியபோது பிலிப்புக்கு 14 வயது.

மரியைப் பாருங்கள். கணவர் போனபோது நாட்டை ஆண்டார். மகன் போனபோது மறுபடி ஆண்டார். மகன் இறந்த அடுத்த ஆண்டே, 1198-இல், அவரும் போய்விட்டார்.

இது என் ஊகம்தான், ஆனால் முழு மனதோடு சொல்கிறேன். கிரெயில் கதைக்குள் சிலுவைப் போர் நுழைந்த வழி சிவப்புச் சிலுவை இல்லை, அந்தப் பாலம். பத்து வீட்டில் எட்டு வீட்டு ஆண்கள் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்த சபையில் இந்தக் காட்சியைப் படித்தால் யார் கண் கலங்காமல் இருந்திருக்கும்? நான் வேலைக்காக சவுத்தாம்ப்டன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கிளம்பிய அன்று தூத்துக்குடி ரயில் நிலையத்தில் அம்மா நடைமேடையில் நின்றது எப்போதும் நினைவில் இருக்கிறது. நான் போருக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த வரிகளை வேகமாகக் கடக்க முடியவில்லை.

ஜூன் 7, காலை 8.10

"பத்து வீட்டில் எட்டு" என்றது கணக்கு இல்லை, பேச்சு வழக்கு. ஒருவர் கேட்டார், அதனால் சொல்கிறேன்.

ஜூன் 7, மாலை 6.30

சனிக்கிழமை என்பதால் வின்செஸ்டர் போய் வந்தேன். இங்கிருந்து ரயிலில் இருபது நிமிடம்கூட இல்லை. அங்கே பெரிய மண்டபத்தில் சுவரில் வட்டமேசையை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஓக் மரம், குறுக்களவு ஐந்தரை மீட்டர், எடை 1,200 கிலோ. ஆர்தர் காலத்து மேசை என்று யாரும் நம்ப வேண்டாம். முதலாம் எட்வர்ட் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்தது. அந்த எட்வர்ட் 1271-இல் அக்கோவுக்கே சிலுவைப் போருக்குப் போனவர், அங்கே ஒருவன் கத்தியால் குத்தியும் பிழைத்தவர். மேலே இருக்கும் வண்ணம் எட்டாம் ஹென்ரி காலத்துப் பூச்சு: பச்சையும் வெள்ளையுமாகப் பட்டைகள், நடுவில் ரோஜா, ஓரத்தைச் சுற்றி 24 வீரர்களின் பெயர்கள்.

கழுத்து வலிக்க அண்ணாந்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். லான்ஸ்லாட், கவெய்ன், பெர்சிவல்... அப்புறம் 'ப்ளொமிட்' என்று ஒன்று. இரண்டாம் முறை படித்தபோதுதான் பிடிபட்டது: பலமிடீஸ். ஆர்தர் கதையின் சரசென் வீரன், அதாவது முஸ்லிம் நாட்டவன். ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, ட்ரிஸ்டன் என்ற வீரனின் காதலி ஈசோல்ட் மீது கைகூடாத காதலோடு, யாருக்கும் பிடிபடாத ஒரு விலங்கைத் துரத்திக்கொண்டு திரிபவன். சிலுவைப் போருக்குப் போன மன்னர் செய்த மேசையில் அவனுக்கும் ஓர் இருக்கை.

ஜூன் 8, காலை 10.20

பலமிடீஸைப் பற்றி எழுதியதும் இது நினைவுக்கு வந்தது. இந்த இழையில் நான் சொல்ல விரும்பும் எல்லாவற்றிலும் இதுதான் பெரிது.

ஆர்தர் வேடம் போட்டு விளையாடியதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு இங்கிலாந்திலிருந்து வரவில்லை, பிரான்சிலிருந்தும் வரவில்லை. சைப்ரஸிலிருந்து வருகிறது. 1223-இல் பெய்ரூட் பிரபு இபெலின் ஜான் தன் மகன்களுக்கு வீரர் பட்டம் சூட்டிய விழாவில் வட்டமேசைச் சாகசங்களை நடித்துக் காட்டினார்கள் என்று நோவாரா ஃபிலிப் எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் 1286. சைப்ரஸ் மன்னர் இரண்டாம் ஹென்ரி, பதினாறு வயதுப் பையன், ஜெருசலேம் மன்னராக முடிசூடினார். ஜெருசலேம் கையை விட்டுப் போய் எத்தனையோ காலம். பட்டம் மட்டும் பாக்கி. கொண்டாட்டம் அக்கோவில், டெம்ப்ளர்களைப் போன்ற இன்னொரு துறவி வீரர் கூட்டமான ஹாஸ்பிட்டலர்களின் கட்டடத்தில், 15 நாள். வீரர்கள் பெண் வேடமிட்டுக் குதிரையேறிப் பொருதினார்கள். லான்ஸ்லாட்டாக நடித்தார்கள், ட்ரிஸ்டனாக நடித்தார்கள், பலமிடீஸாகவும் நடித்தார்கள்.

கொஞ்சம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். மதிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எகிப்தை ஆண்ட மம்லுக் சுல்தானின் நாடு. உள்ளே ஒரு சிலுவைப் போர் வீரன், தான் கொல்வதாக நேர்ந்துகொண்ட எதிரியின் வேடத்தைப் பூண்டு மக்கள் முன் குதிரையில் வருகிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. யார் அந்த ஆள்? பெயர் பதியப்படவில்லை.

ஐந்தே ஆண்டு. 1291 மே 18 அன்று அக்கோ விழுந்தது.

இதை எழுதி வைத்தவரை வரலாற்றில் 'டயர் நகரத்து டெம்ப்ளர்' என்று குறிப்பிடுகிறார்கள். அவர் டெம்ப்ளர் இல்லை; டெம்ப்ளர் தலைவர் போஷு கியோமின் எழுத்தர். தலைவர் அக்கோ விழுந்த அன்றே காயம்பட்டு இறந்தார். எழுத்தர் தப்பித்து வந்து எழுதினார். ஆகவே தம்பி, டெம்ப்ளர்களுக்கும் ஆர்தர் கதைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தொடர்பு வேண்டுமென்றால் இவர்தான்.

ஜூன் 8, இரவு 10.00

இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் ஆர்தரின் வாளைப் பரிசாகக் கொடுத்தாரா என்று இரண்டு பேர் கேட்டீர்கள். ஆமாம், 1191 மார்ச்சில், சிலுவைப் போருக்குப் போகும் வழியில் சிசிலியில், ஆர்தரின் வாள் என்று சொல்லி ஒன்றை மன்னர் டாங்க்ரெடுக்குக் கொடுத்தார். டாங்க்ரெட் பதிலுக்குக் கொடுத்தது 4 பெரிய சரக்குக் கப்பல்களும் 15 போர்ப் படகுகளும். அக்காலத்து வரலாற்றாசிரியர் ஹோவ்டன் ரோஜர் பதிந்திருக்கிறார்.

அது இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடத்தில் ஆர்தர் கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த வாள் என்பது நாள்கணக்கில் இடிக்கிறது. தோண்டியது 1191-ஐ ஒட்டி. ரிச்சர்ட் 1189 டிசம்பரிலேயே இங்கிலாந்தை விட்டுப் போய்விட்டார். ஆனால் கல்லறைக்கும் போருக்கும் வேறு வழியில் தொடர்பு உண்டு. 1184-இல் மடம் எரிந்து, ரிச்சர்டின் அப்பா, இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்ரி பணத்தில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. அவர் இறந்ததும் கஜானா போருக்குப் போயிற்று, மடத்துக்கு வரவு நின்றது. அந்தச் சமயத்தில்தான் ஆர்தரின் எலும்புகள் 'கிடைத்தன'.

ஜூன் 10, இரவு 9.15

பலமிடீஸை வைத்து இந்தக் கதைகள் எல்லாம் எதிரியை மதித்தன என்ற எண்ணத்தை நான் உண்டாக்கியிருந்தால் தவறு. 'பெர்லெஸ்வாஸ்' என்று 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு கிரெயில் கதை. அதில் பெர்சிவல், எதிரியின் வீரர்களை வெட்டி அவர்கள் ரத்தத்தைத் தொட்டியில் நிரப்பி, தலைகீழாகக் கட்டி அவனை அதிலேயே முக்கிக் கொல்கிறான். புதிய வேதத்தை ஏற்காதவன் சாக வேண்டியதுதான் என்று கதை நெடுகப் போகிறது. நான் பாதியில் மூடி வைத்து, மறுநாள்தான் தொடர்ந்தேன்.

அதே காலத்தில் வோல்ஃப்ராம் எழுதியது எதிர்த்திசையில். பார்சிவலுக்கு ஓர் அண்ணன், ஃபைரஃபிஸ். அப்பா பாக்தாத் கலீஃபாவுக்குச் சேவகம் செய்தவர், ஃபைரஃபிஸின் அம்மா கறுப்பின அரசி. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும் கலந்து, எழுதிய தோலேடு போல இருக்கிறான் என்கிறார். யாரென்று தெரியாமல் இருவரும் மோதுகிறார்கள். பார்சிவலின் வாள் முறிகிறது. வெறுங்கையனோடு பொருதி என்ன பெருமை என்று ஃபைரஃபிஸ் தன் வாளையும் தூக்கி எறிகிறான். உட்கார்ந்து பேசும்போதுதான் ஒரே அப்பா என்று தெரிகிறது. அவன் கடைசியில் ஞானஸ்நானம் பெற்று கிரெயில் சுமந்த பெண்ணை மணந்து இந்தியாவுக்குப் போகிறான்; அவர்கள் பிள்ளைதான் கீழ்த்திசையில் ஆள்வதாக ஐரோப்பியர் நம்பிய கிறிஸ்தவ அரசன் பிரெஸ்டர் ஜான் என்று முடிக்கிறார். மதம் மாற வேண்டியிருக்கிறது, அது அந்தக் காலத்து எல்லை. வாளை முதலில் எறிந்தவன் ஃபைரஃபிஸ் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

ஜூன் 12, இரவு 11.00

இந்தியா என்றதும், எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்று. எட்வர்ட் சிலுவைப் போருக்குப் போகும்போது கையோடு ஓர் ஆர்தர் கதைப் புத்தகம் வைத்திருந்தார். அதிலிருந்து பைசா ஊர் ருஸ்டிகெல்லோ ஒரு கதைத் தொகுப்பு செய்தார். அதே ருஸ்டிகெல்லோ பின்னால் ஜெனோவா சிறையில் கிடந்தார். 1298-இல் பக்கத்தில் இருந்த கைதி சொல்லச் சொல்ல எழுதினார். அந்தக் கைதி மார்கோ போலோ. பேரரசர்களே, அரசர்களே, கோமகன்களே என்று தொடங்கும் முன்னுரையை ஆர்தர் தொகுப்பிலிருந்து எடுத்து அப்படியே போலோவின் நூலுக்கும் வைத்துவிட்டார்.

அந்த நூலில்தான் பாண்டிய நாடும் முத்துக்குளிப்பும் காயல் துறையில் வந்திறங்கும் குதிரைகளும் வருகின்றன. சின்ன வயதில் அப்பாவோடு பழைய காயலுக்கு சைக்கிளில் போயிருக்கிறேன். உப்பளமும் பனையுமாக இருக்கும். லான்ஸ்லாட்டை எழுதிய பேனா எங்கள் ஊர்க் கடற்கரையையும் எழுதியிருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 14, மாலை 5.40

ஆர்தர் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்த மாலரி 1470 வாக்கில் முடித்த நூலின் கடைசிப் பக்கத்தைக் கேட்டவருக்கு: ஆர்தர் போய், லான்ஸ்லாட்டும் போன பிறகு, போர்ஸ் முதலான நான்கு பேர் புனித பூமிக்குப் போய்த் துருக்கியரோடு பொருது, பெரிய வெள்ளியன்று இறக்கிறார்கள். அக்கோ விழுந்து ஏறக்குறைய 180 ஆண்டு கழித்து எழுதியது இது.

இன்று மறுபடி வின்செஸ்டர் போனேன். பலமிடீஸின் தம்பி சஃபீர் பெயரும் மேசையில் உண்டென்று படித்திருந்தேன், போன வாரம் கண்ணில் படவில்லை. இருக்கிறது, 'சஃபெர்' என்று. பெயர்கள் வட்டமாக ஓடுவதால் தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.